ரயிலடியில் சொல்ல ஒரு வாக்கியம்

மனிதன் அழுவதற்கும், ஆண்டவனிடம் முறையிடுவதற்கும், பன்றியைப் பட்டிக்குக் கூப்பிடுவதற்கும் தகுதியுள்ள மொழி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது ஜெர்மன். இது என் அப்பா எய்லர்ட் ரைண்டர்ஸின் முடிவு. எங்கள் இறைச்சிக் கடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்வார். மற்ற மொழிகள் பன்றித் தொடை விற்கப் போதுமாம். அந்த அளவுக்கு ஆங்கிலம் அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அமெரிக்காவில் இந்த ஐயோவா மாகாணத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தேவைப்படவில்லை. ரொட்டிக்கடைக்காரர், பாதிரியார், மருத்துவச்சி, சண்டை போடுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரி, எல்லாரும் எங்கள் ஆட்கள்.

பிறகு அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக யுத்தத்தில் இறங்கியது. இரு கைகளையும் நீட்டி எங்களை வரவேற்ற நாடு, அந்தக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. நாங்கள் புளிக்கவைத்துத் தின்னும் முட்டைகோசுக்கு 'விடுதலைக் கோஸ்' என்று பெயர் மாற்றினார்கள். அதே பீப்பாய், அதே நாற்றம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் மே மாதம் கவர்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தெருவில், ரயிலில், தொலைபேசியில், கோயிலில், இனி ஆங்கிலம் மட்டுமே. அடுத்த ஞாயிறு பாதிரியார் ஆங்கிலத்தில் ஜெபித்தார். எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. கடவுளுக்காவது புரிந்திருக்கும் என்று நம்பி ஆமென் சொல்லிவிட்டு வந்தோம்.

ஜூலையில் அண்ணன் ஆன்டனுக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மன்காரர்களைச் சுடுவதற்கு அரசாங்கம் அவனை நம்பியது. அவனோடு ரயிலடியில் இரண்டு வார்த்தை பேசுவதற்கு அம்மாவை நம்பவில்லை.

அதற்குச் சில நாள் முன்புதான் தையல்காரர் பிராமர் தன் மகனைப் பட்டாளத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவைத்திருந்தார். தடைக்குப் பயந்து குடும்பமே வாயைத் திறக்கவில்லை. அப்பா பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் நடித்தே காட்டினார்.

"டிக்கெட் இல்லாம ஊமைப்படம் பாத்துட்டு வந்தேன். பிராமர் தொப்பியத் தூக்குறான், அவ கைக்குட்டைய ஆட்டுறா, பையன் மீன் மாதிரி வாயத் திறந்து திறந்து மூடுறான். கூட பியானோ வாசிக்க ஆளுதான் இல்ல."

"நம்ம முறை வந்தா நீங்க என்ன செய்வீங்களாம்?" என்றாள் அம்மா.

"கத்துவேன். எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்துவேன். என் மவன்கிட்ட என் பாஷையிலதான் பேசுவேன். எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்."

அம்மா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். அவர் கடைக்குப் போனதும் என்னிடம் வந்தாள்.

"டேய், காலேஜ்ல படிக்கிறியே, ஒண்ணே ஒண்ணு இங்கிலீஷ்ல சொல்லிக் குடு. அவன் போறப்ப அம்மா வாயிலேர்ந்து ஒரு வார்த்தை கேக்காமப் போகக் கூடாதுடா. 'பத்திரமா வந்துடுடா'ன்னு எப்படிச் சொல்றது?"

கல்லூரியின் மானம் என் கையில் இருந்தது. யோசித்து, பாடப்புத்தகத் தரத்தில் ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன்: "மைந்தனே, நீ நலமுடன் இல்லம் திரும்புவாயாக."

அம்மா அதை மாவு பிசையும்போது சொன்னாள். சலவைத் தொட்டியில் துணியை அடித்துத் துவைக்கும்போது, ஓர் அடிக்கு ஒரு வார்த்தையாக ராகம் போட்டுச் சொன்னாள்.

"ஏண்டி, புள்ளைய வழியனுப்பப் போறியா, கவர்னர்கிட்ட மனு குடுக்கப் போறியா?" என்றார் அப்பா.

"என் வாய், என் புள்ள. உங்களுக்கென்ன?"

"அந்தப் பாஷையில நான் பன்னித் தொடைதான் விப்பேன். புள்ளைய அனுப்ப மாட்டேன்."

அனுப்பும் நாள் வந்தது. ரயிலடியில் கொடிகள், வாத்தியக் கோஷ்டி, வெயில். மாகாணப் பாதுகாப்புக் குழுவின் தகர வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு பர்செல் நின்றிருந்தார். சனிக்கிழமை தவறாமல் எங்கள் கடையில் ஈரல் சாசேஜ் வாங்குகிறவர்.

"எய்லர்ட், எல்லாம் இங்கிலீஷ்லதான், சரியா? எனக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. உத்தரவு, என்ன செய்ய?" என்றார். பாவம், அவருக்கும் களைப்பாகத்தான் இருந்திருக்கும்.

ரயில் பெட்டி வாசலில் நின்ற பட்டாளத்துப் பையன்களில் ஒருவன், "வழி விடுங்கடா, ஜெர்மன் ராஜா கைசரோட பேரன் வர்றாரு!" என்றான். ஆன்டனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். ஒரு வருஷமாகச் சிரித்துச் சிரித்துத் தேய்ந்துபோன சிரிப்பு. பிறகு எங்களிடம் வந்து, அப்பாவின் காதருகே ஆங்கிலத்தில் சொன்னான்:

"அப்பா, கத்திடாதீங்க. நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நான்தான் இவங்களோட போகணும்."

அவன் அப்பாவிடம் ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

அம்மா அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்டதைக் கழற்றி மறுபடியும் போட்டாள். அவன் காத்திருந்தான். அவள் வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. இத்தனை நாள் துவைத்த வாக்கியம், முதல் வார்த்தைகூட மிச்சமில்லாமல் போய்விட்டது. என்னைப் பார்த்தாள். எடுத்துக் கொடுப்பதற்குள் ஊதல் ஊதிவிட்டது. ஆன்டன் ஏறி ஜன்னலில் தலையை நீட்டினான்.

ரயில் நகர்ந்தது. அம்மா வாயைத் திறந்தபடியே கூட நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நடந்த அப்பா மூச்சை இழுத்தார். நெஞ்சு உப்பியது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். பர்செலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

அப்பா தொப்பியை எடுத்தார். ஆன்டன் ஜன்னலுக்கு வெளியே குனிந்தால்தான் கேட்கும் என்கிற குரலில், பன்றித் தொடை விற்கும் ஆங்கிலத்தில், சலவைத் தொட்டிப் பக்கம் கேட்ட அதே ராகத்தில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்:

"மைந்தனே, நீ நலமுடன் இல்லம் திரும்புவாயாக."