புஷ்பத்துக்கு ஒரு போட்டோ

ஃப்ளெக்ஸில் விட்டுப்போனதால் என் மனைவி தங்கபுஷ்பம் வெள்ளிக்கிழமையிலிருந்து குறைந்துகொண்டு வருகிறாள். எங்கள் ஊரில் அது வழக்கம்தான். ஃப்ளெக்ஸில் இருப்பவர்கள் ஊரில் இருப்பார்கள். மற்றவர்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போவார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

தப்பு என்னுடையது. மைத்துனன் செண்பகராஜ் தன் மகளின் காதணி விழாவுக்கு இருபதடி ஃப்ளெக்ஸ் வைத்தான். நடுவில் குழந்தை, மேலே தலைவர்கள், கீழே வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள். முகங்களைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தான். நாற்பத்தொரு முகங்கள் அனுப்பினேன். காதில் போன் வைத்தவர்கள், கூலிங் கிளாஸ் போட்டவர்கள், செத்துப்போன பெரியப்பா, எல்லோரும் வந்துவிட்டார்கள். குழந்தையின் சொந்த அத்தையை விட்டுவிட்டேன். நான் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பவளை யார் எண்ணுகிறார்கள்?

சனிக்கிழமை காலை அவளுடைய இடது காது இல்லை. கம்மல் மட்டும் அந்த இடத்தில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி அவள் நின்ற இடத்தில் கோலப்பொடியைக் கொட்டினாள். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒருவர் அவள் மடியில் உட்கார்ந்தார்.

"சீட்டு மெத்து மெத்துனு இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்கு அவ்வளவு பயமில்லை.

"சேர்மதுரைட்ட சொல்லி ஓரத்துல ஒட்டச் சொல்லுங்க. பெரியப்பா பக்கத்துல எடம் கெடக்கு" என்றாள். சொல்லும்போது அவளுடைய கீழுதடு தெரியவில்லை.

சேர்மதுரைதான் எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர். பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை. கடையின் நீளம் பத்தடி. அன்றைக்கு உள்ளே போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள், கும்பிட்ட கைகள். எல்லோரும் என்னைப் பார்த்து "வருக வருக" என்றார்கள். "வந்துகொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

சேர்மதுரை கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒட்டிருவோம் அண்ணாச்சி. அஞ்சு மணிக்கு அந்த ஃப்ளெக்ஸ எறக்கிருவாங்க. அதுக்குள்ள போட்டோ குடுங்க."

"அஞ்சு மணிக்கு அப்புறம்?"

"அப்புறம் இல்லாதவங்க இல்லாதவங்கதான்."

போனைத் திறந்தேன். ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். குற்றாலத்தில் நான் குளிக்கிறேன். திருச்செந்தூரில் நான் மொட்டையோடு நிற்கிறேன். மாமனார் வீட்டில் நான் ஆட்டுக்குட்டியோடு இருக்கிறேன். எல்லாம் அவள் எடுத்தவை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் இருந்தது.

"கட்டவெரல வச்சு என்ன பண்ண? கல்யாண ஆல்பம்?"

"தல குனிஞ்சிருக்கா. வகிடுதான் தெரியும்."

"ஆதார்?"

அவளுடைய ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தேன். முகம் இருந்த கட்டத்தில் 'இங்கு விளம்பரம் செய்ய அணுகவும்' என்று அச்சாகியிருந்தது. கீழே ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன். சேர்மதுரையின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அவளை ஜன்னல் பக்கம் நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தேன். போனில் அந்த மஞ்சள் கட்டம் முகத்தைத் தேடி அலைந்தது. அவளைத் தாண்டிப் போய் அடுப்பில் இருந்த குக்கரின் முகத்தைக் கண்டுபிடித்தது. குக்கரைக் கொஞ்சம் சிவப்பாக்கி, அழகாகவும் காட்டியது.

"நல்லா வந்துருக்கா?" என்று கேட்டாள்.

"இன்னொண்ணு எடுக்கேன்" என்றேன்.

பதினேழு முறை எடுத்தேன். பதினேழும் குக்கர்.

அப்புறம்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். 'தங்கபுஷ்பம் போட்டோ யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்பவும். அவசரம்.'

எங்கள் பக்கம் ஒருவருடைய போட்டோவை அவசரமாகக் கேட்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அது எனக்கு உறைக்கவில்லை. தென்காசிச் சித்தப்பா முதல் ஆளாக 'ஆழ்ந்த இரங்கல்' போட்டார். பின்னாலேயே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் போட்டால் மற்றவர்கள் மேலே படித்துப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவை போன் சிணுங்கியபோதும் அவளில் ஏதோ ஒன்று போனது. முழங்கை போனது. தோள் போனது. கழுத்து போனது.

'அவள் வீட்டில்தான் இருக்கிறாள்' என்று எழுதினேன்.

'நம் நெஞ்சிலும் என்றும் இருப்பார்' என்று பதில் வந்தது.

செண்பகராஜ் போன் பண்ணினான். அழுதுகொண்டிருந்தான்.

"அத்தான், எத்தன மணிக்கு எடுக்கீங்க?"

"எடுக்கதுக்கு ஒண்ணுமில்லடா. ஒங்க அக்கா பக்கத்துலதான் நிக்கா. பேசுதியா?"

"மனசத் தேத்திக்கிடுங்க அத்தான். சேர்மதுரைட்ட சொல்லிட்டேன். இந்த ஃப்ளெக்ஸ்லயாவது அக்காவ நடுவுல போடணும்."

அவன் அழுகையில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் மறுபடி கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கம்ப்யூட்டரில் 'கண்ணீர் அஞ்சலி' தயாராக இருந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் காலி வட்டம்.

"ஏன் அண்ணாச்சி அழுறீங்க? எழுத்த மாத்துதது ஒரு தட்டு" என்றார் சேர்மதுரை. தட்டினார். 'கண்ணீர் அஞ்சலி' போய் 'வருக வருக' வந்தது. "மொகம்தான் வேணும். நீங்க சொல்லுங்க, நான் வரையுதேன். கல்யாணம் ஆகி எத்தன வருசம்?"

"இருவத்திரெண்டு."

"பெறகென்ன? கண்ணு எப்பிடி?"

"ரெண்டு கண்ணு."

"பெருசா, சிறுசா?"

யோசித்தேன். அவள் கண்கள் எதையெல்லாம் பார்க்கும் என்று தெரியும். சோற்றுப் பதத்தை, வானத்தை, என் சட்டையில் போன பொத்தானை. அளவு தெரியவில்லை.

"நடுத்தரம்."

"மூக்கு?"

"இருக்கு."

"மச்சம்?"

"இருக்கணும்."

"எந்தப் பக்கம்?"

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"புஷ்பம், ஒனக்கு மச்சம் எந்தப் பக்கம் இருக்கு?"

கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"நீங்கதான பாத்திருக்கீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

"இடது பக்கம்" என்று சேர்மதுரையிடம் சொன்னேன்.

அஞ்சுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷினிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு சிரிப்பு. லட்சணமான பெண். அவளை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இவங்கதான?"

சுவரில் இருந்த முகங்கள் எல்லாம் கும்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. இல்லை என்று சொன்னால் வட்டம் காலியாகவே தொங்கும். மணி அடிக்கப்போகிறது.

"ஆமா" என்றேன்.

அஞ்சு மணிக்குக் காதணி ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டு அதே இடத்தில் இதைக் கட்டினார்கள். என் போன் விடாமல் சிணுங்கியது. இதயங்கள் வந்தன. 'புஷ்பம் அன்றும் இன்றும் அப்படியே' என்று தென்காசிச் சித்தப்பா எழுதினார். நான் வீட்டைப் பார்த்து ஓடினேன். தெரு கடையைப்போல நீண்டுகொண்டே போனது.

வாசலில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மச்சம் இடது பக்கம் இருந்தது.

"புஷ்பம் அக்கா, ரெண்டு மூணு நாளா ஆளயே காணோம்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"வீட்லதான் இருந்தேன்" என்றாள் அந்தப் பெண். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுப்படியை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு கரண்டி மட்டும் கொதிக்கும் எதையோ கிண்டிக்கொண்டிருந்தது.

"யாருங்க வந்திருக்கது?" என்று என் மனைவியின் குரல் கேட்டது.

நாற்காலியில் இருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"நான்தான். புஷ்பம்."

கரண்டி நின்றது. அப்போதுதான் அவளுடைய கண்கள் எனக்கு ஞாபகம் வந்தன. சின்னக் கண்கள். சிரித்தால் மூடிக்கொள்ளும். மச்சமே கிடையாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தில் அஞ்சரை ஆகியிருந்தது.

"வாங்க புஷ்பம்" என்றாள் என் மனைவி. "உக்காருங்க. காப்பி போடுதேன்."

காப்பி வந்தது. இரண்டு டம்ளர்கள். அந்தப் பெண் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நான் மற்றதை எடுத்துக் குடித்தேன். கண்ணீர் மூக்கு வழியாக டம்ளருக்குள் விழுந்தது.

"சீனி போதுமா?" என்று கேட்டாள்.

இருவரில் யார் கேட்டது என்று எனக்குத் தெரியவில்லை.