25,05,889

பிரித்து விரித்த மாத்திரைப் பெட்டியின் உட்புறத்தில் போட்ட கணக்கில் மீதி பூஜ்யம் என்று வந்ததும் மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை வகுத்தாள். அப்போதும் பூஜ்யம்தான்.

கட்டிலில் அப்பா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் அம்மா.

"உடைஞ்சிடுச்சும்மா."

அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாவின் முடிதிருத்தும் கடையில் இருந்த இரும்பு நாற்காலியின் காலில் 2505889 என்று பொறித்திருந்தது. அது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுத்து உடைக்க முடியாத பகா எண் என்பது அவருடைய பெருமை. வந்து உட்காருகிற எல்லோரிடமும் சொல்வார். யாரும் மறுத்ததில்லை, கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுப்பார்கள்? படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, சரிபார்க்கும்படி மகளிடம் சொல்லியிருந்தார்.

அவர் போன வழி நல்ல வழிதான். இரண்டு எண்களைப் பெருக்கி இது வருமானால், ஒன்று சின்னதாகவும் மற்றது பெரியதாகவும் இருக்கும். சின்னதைப் பிடித்தால் போதும், பெரியது தானே வந்து நிற்கும். அதனால் மூன்று, ஐந்து, ஏழு என்று சின்னப் பகா எண்களால் வகுத்துக்கொண்டே 1579 வரை வந்திருந்தார். அதற்கு மேல் சின்னதே பெரியதை எட்டிவிடுகிறது என்று நிறுத்திவிட்டார். இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மகள் அவர் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகா எண்ணால் வகுத்தாள். அவ்வளவுதான்.

"சொல்லித் தொலைக்காதே. மனுஷன் ஜெயிச்சதா நெனச்சுக்கிட்டே போகட்டும்."

"கேட்டா?"

"உடையலைன்னு சொல்லு. ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடாது."

அப்பா கண் திறந்தார். "உடைஞ்சுதா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா போர்வையை மடிப்பதில் மும்முரமானாள்.

"உடைஞ்சிடுச்சுப்பா. ஆயிரத்தி ஐநூத்தி எண்பத்தி மூணு."

"பெருசு எது?"

"பெருசே இல்லப்பா. அதுவும் இதேதான்."

அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, "அட திருட்டுப் பயலே" என்றார். எண்ணைத்தான்.

அடுத்தவர் சொன்ன கணக்கை அப்படியே நம்புகிறவர் அல்ல அவர். அதை அதாலேயே பெருக்கிப் பார்க்க உதடுகள் அசைந்தன. மும்மூணு ஒம்பது. மூவெட்டு இருபத்திநாலு. நாலு போட்டு இரண்டை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக இடக்கையில் இரண்டு விரல்களை மடக்கினார்.

உதடுகள் நின்றன. விரல்கள் நிமிரவில்லை.

அம்மா அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். இமைகளை இழுத்து மூடினாள். கைகளை நேராக்குவதற்காக இடக்கையைத் தொட்டாள்.

"கொஞ்சம் இரும்மா."

"எதுக்கு?"

இப்போது மகளின் உதடுகள் அசைந்தன. மூவஞ்சு பதினஞ்சு. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, இரண்டையும் சேர்த்துக்கொண்டாள். பதினேழு. ஏழு போட்டு, தன் விரல் ஒன்றை மடக்கிக்கொண்டாள்.