ஐந்து எழுத்துத் தள்ளுபடி

1

உயிருக்கு விலை இல்லை என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் கோலாலம்பூரில் இருந்தது: சிறு குழாய் ஒன்றுக்கு நானூற்று எண்பது ரிங்கிட், பேரம் கிடையாது. உள்ளே முயல் ரத்தத்திலிருந்து வடித்தெடுத்த சாறு. முயல் இல்லை, முழுச் செல்கூட இல்லை. ஆனால் செல்லுக்குள் புரதம் கட்டும் பட்டறை மொத்தமும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். மரபணுவின் நகலை ஊற்றினால் புரதம் கட்டித் தரும்.

அந்த விலைச்சீட்டு ஒன்று என் கைக்கு வந்தது. கதை அங்கிருந்துதான் கிடைத்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்த கலப்படம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மெய்யம்மை ஆய்வகச் சன்னலோரம் நின்று மழையை—’

அடித்துவிட்டேன். நான்கு குழாயை வீணாக்கியவளுக்கு மழை பார்க்க ஏது நேரம்?

மெய்யம்மை, கிள்ளானில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சோலையப்பனின் மகள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் விதையிலுள்ள ஒரு புரதத்தின் மரபணுவைப் பிடித்துவிட்டாள். அது வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். புரதம் விளைந்தால் எக்ஸ்ரே படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். ஐந்து குழாய் வாங்கிக் கொடுத்தார்கள். நான்கில் ஒன்றும் விளையவில்லை. மாதக் கடைசியில் ஆய்வை மதிப்பிடும் குழு கூடும். அதற்குள் கோடு விழாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அப்புறம் ஆய்வாவது ஒன்றாவது, அப்பாவின் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான்.

3

(புரதம் உருவாகும் விதத்தை இங்கே விளக்கியாக வேண்டும். பாடப்புத்தகம்போல ஒரு பத்தி எழுதி, நானே கொட்டாவி விட்டுக் கிழித்தேன். சோலையப்பன் கடையைச் சொன்னால் போதும்.)

கடையின் பெரிய ஆர்டர் புத்தகம் இரும்புப் பெட்டியை விட்டு நகராது. வேண்டிய பக்கத்தை மட்டும் சீட்டில் நகலெடுத்துப் பின்னால் கிடங்குக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் சீட்டைப் படிக்கப் படிக்க, சுமப்பவர்கள் ஆளுக்கொரு சரக்காகக் கொண்டுவந்து வரிசையாக லோரியில் ஏற்றுவார்கள். வேலை முடிந்ததும் சீட்டு குப்பைக்கு.

செல்லிலும் இதே நடைமுறை. புத்தகம் மரபணு; சீட்டு அதன் நகல். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க, மூன்றுக்கு ஒரு அமினோ அமிலம் வந்து முன்னதோடு கோத்துக்கொள்ளும். கோத்து முடிந்த சரம்தான் புரதம்.

4

நகலெடுக்குமுன் மரபணுவின் முன்பக்கத்தை நொதி என்னும் கத்தரியால் நறுக்க வேண்டும். சரியான இடத்தில் வெட்டும் கத்தரியைப் புதிதாக வாங்க வேண்டும்; குளிர்பெட்டியில் இருந்ததோ ஐந்து எழுத்து தள்ளி வெட்டும். ‘நூற்று நாற்பத்திரண்டு சரக்கில் இரண்டு குறைந்தால் யார் முறைக்கப் போகிறார்?’ என்று இருந்த கத்தரியாலேயே வெட்டிவிட்டாள். வியாபாரி மகள். தள்ளுபடி கைப்பழக்கம்.

சனிக்கிழமை கடையில் கணக்கப்பிள்ளைக்கு லீவு. பக்கத்து ஊரான காப்பாருக்குப் போகும் சரக்குக்கு அவளே சீட்டெழுதிக் கிடங்குக்குக் கொண்டுபோனாள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நாகையா அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மேல பிள்ளையார் சுழி எங்க?”

“மறந்துட்டேன். மிளகா, மல்லி, சீரகம் எல்லாம் சரியாத்தானே இருக்கு. ஏத்துங்க நாகையாண்ணே.”

“முடியாதுலா. உங்கப்பாகிட்டருந்து வர்ற பேப்பர்ல பாதி, ஃபோன்ல விலை கேக்கறப்ப கிறுக்கினது. ஒருவாட்டி அதை நம்பி ஆறு மூட்டை மல்லிய ஏத்திட்டு, சுபாங் ஜெயா வரைக்கும் லோரி பின்னாடி மோட்டார் சைக்கிள்ல ஓடினேன். அதுலருந்து, சுழி இருந்தா அதுக்குக் கீழருந்து ஏத்துவேன். இல்லன்னா வெறும் பேப்பர்.”

“ஒரு சுழிதானே, கழிச்சுக்குங்க.”

“மிளகால கழிக்கச் சொல்லுங்க, கழிக்கறேன். படிச்சவங்க, இதுல போயி டிஸ்கவுன்ட் கேக்கறீங்களே.”

மெய்யம்மை சீட்டைத் திரும்ப வாங்கி, சுழி இல்லாத அதன் தலைப்பைப் பார்த்தாள். மரபணுவில் அவள் வெட்டியெறிந்த ஐந்தில் முதல் மூன்று எழுத்து, ‘இங்கிருந்து படி’ என்னும் குறி. பரீட்சைகளில் பத்துமுறை எழுதியிருக்கிறாள். சரக்கோடு சரக்காக எண்ணியதில், அது தொடக்கக் குறியும்தான் என்பதை மறந்துவிட்டாள்.

5

இந்த இடத்துக்கு ஒரு முடிவு தயாராக வைத்திருந்தேன்: கடைசிக் குழாய் கைதவறிக் கீழே விழுந்து—

வேண்டாம். சோகம் வேண்டுபவர் அடுத்த கடை பார்க்கட்டும்.

சரியான கத்தரியைத் தன் கைக்காசில் வாங்கினாள். குறிக்கு முன்னாலேயே வெட்டி, நகலெடுத்து, ஐந்தாம் குழாயில் ஊற்றினாள். குழு கூடுவதற்கு முந்தின பிற்பகல் படத்தைக் கழுவினாள். எந்த உயரத்தில் விழ வேண்டுமோ அந்த உயரத்தில், மை தீட்டினாற்போல, ஒரு கோடு.

ஆறு மாதமாக அவளிடம் ‘உம்’ என்பதற்குமேல் பேசாத பேராசிரியர் பாலன், படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“தப்பு எங்கன்னு யார் சொன்னா?”

“கிடங்குல சொன்னாங்க, டாக்டர்.”

“எந்த யூனிவர்சிட்டி அது?”

“கிள்ளான்ல மிளகா கிடங்கு.”

பாலன் சிரித்ததை அன்றுதான் அந்த ஆய்வகம் பார்த்தது. மறுநாள் குழு படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. உதவித்தொகை இன்னும் மூன்று ஆண்டுக்கு நீண்டது. கல்லாவுக்கு வேறு ஆள் தேடிக்கொள்ளும்படி மெய்யம்மை அப்பாவுக்கு ஃபோன் போட்டாள்.

6

அப்புறம்? நாகையாவிடம் போய்ச் சொன்னாளா? சொன்னபோது அவன் என்ன கேட்டான்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன்—

இல்லை, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் தருகிறேன்:

எழுத்து நானூற்று இருபத்தொன்பது. சரக்கு நூற்று நாற்பத்திரண்டு. மும்மூன்றாக, எழுத்து நானூற்று இருபத்தாறு. மீதி மூன்று. அதற்குச் சரக்கு வராது. ‘இத்தோடு நிறுத்து’ என்பதே அதன் வேலை. கணக்கு நேர்.