எங்களுக்கு

"உங்களுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று டீச்சர்களின் ஆன்லைன் குழு ஒன்றில் ஒருவர் என்னைக் கேட்டார். "ஏழு" என்று போட்டேன். பொய்யில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான்.

அங்கே யாரும் சொந்தப் பெயரில் இல்லை. பாதியில் நிறுத்தப்பட்ட எங்களைப் பற்றி டீச்சர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் நுழைந்தேன். மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. நேற்று மத்தியானம் யாரோ ஒரு டீச்சர் எழுதியிருந்தார்: ஆறாம் வகுப்பில் ஒரு பெண், எழுந்து வாசிக்கச் சொன்னால் கல்லாக நிற்கிறாள், நாளை அப்பாவை வரச்சொல்லி, படிப்பை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா? என் அப்பாவையும் இப்படித்தான் வரச்சொன்னார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, எழுதினேன். "எழுப்பி நிறுத்தாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வகுப்பே திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு எழுத்தெல்லாம் கலைந்துவிடும்." அதற்குப் பிறகுதான் அந்த சர்வீஸ் கேள்வி வந்தது.

இன்று காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணி செல்போனை அண்ணனிடம் நீட்டினாள். "என் கிளாஸ் பொண்ணு ஒருத்தியப் பத்தி ஒரு கேள்வி கேட்டேங்க. எவளோ வந்து எனக்கே பாடம் எடுக்குறா."

என் கையிலிருந்த தட்டு குழாயில் இடித்தது.

"ஏழு வருஷ சர்வீஸாமே, உன்னவிட சீனியர். சொன்னா கேட்டுக்கோ," என்று அண்ணன் சிரித்தான்.

அண்ணி என் பதிலைச் சத்தமாக வாசித்தாள். கடைசி வரியில் நின்றாள். "டீச்சரா இருந்தா 'பிள்ளைங்களுக்கு'ன்னுதானே எழுதுவா? இது என்ன 'எங்களுக்கு'?" அண்ணன் காதில் அது விழவில்லை, பைக் சாவியைத் தேடிக்கொண்டே வெளியே போய்விட்டான். நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். அண்ணி பையின் ஜிப்பை இழுத்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா வந்து கைகட்டி நிற்பார்.

"அவளோட அப்பா இன்னிக்கு வர்றாரா அண்ணி?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அப்பாவைப் பற்றி அண்ணி எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அண்ணி என்னையே பார்த்தாள். பிறகு நேராக அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள். பழைய டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கும் என் நோட்டுகள் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். எழுதியவற்றைத் திறக்காமல் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த புது நோட்டை மட்டும் உருவிப் பைக்குள் வைத்தாள். தினமும் "கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவள், இன்று கதவைத் திறந்தே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.