எடுத்தது யாரு?

"ஓட்டறது யாருமா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"நான்தான்."

"அது சரி. கூட யாரு வர்றாங்க?"

"யாரும் வரல."

வாடகைக் கார் கடைக்காரர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சின்ன காஞ்சிபுரத்துத் தெருவை எட்டிப் பார்த்தார். எவனாவது ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு வருவான் என்ற நம்பிக்கை அவருக்கு. தை பிறந்தும் பனி விடவில்லை. தெருக்கோடி மங்கலாக இருந்தது, ஒருவனும் வரவில்லை. மதுமிதா லைசென்சை மேசைமேல் தட்டினாள். "அண்ணே, இதுல என் மூஞ்சிதான் இருக்குது. வேற மூஞ்சி வேணும்னா சொல்லுங்க, ஒட்டிக்கினு வரேன்."

சாவி வந்தது. கூடவே புத்திமதியும். "பீச்சு மணல்ல எறக்கிடாதம்மா. சிக்கிக்கினா தள்றதுக்குக்கூட ஆளு இல்ல உனக்கு."

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் என்று பொய் சொல்லியிருந்தாள். ஒரகடத்தில் காருக்குப் பக்கக் கண்ணாடி செய்கிற கம்பெனியில் தரச் சோதனை வேலை. கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேட வேண்டும். மாகறலில் நெல்லும் எள்ளும் போடுகிற அப்பா சந்திரநாதனின் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் யுவராஜ் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். ஆவணியில் நிச்சயம் ஆனது.

ஐப்பசியில் ஒருநாள் யுவராஜின் அம்மா இவள் போனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு படத்தில் நின்றாள். சதுரங்கப்பட்டினம் கடற்கரை. துப்பட்டா பறக்க, மதுமிதா வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"எடுத்தது யாரும்மா?"

"நானே டைமர் வெச்சு எடுத்தேன் அத்தை."

"போனு தானா நின்னுக்கினு எடுத்துச்சா?"

"செருப்புல சாத்தி வெச்சேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யுவராஜும் சிரித்தான். அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. காரணத்தை இவர்களிடம் சொல்லாமல், படம் எடுத்தது எவனோ ஒருத்தன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். நிச்சயத்துக்குக் கொடுத்த பட்டுச் சேலையையும் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். "மடிப்புகூட கலையல" என்று சொல்லி, மதுமிதாவின் அம்மா தயாவதி அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். யாரோ செத்த வீட்டுக்குக் கோடி கொடுப்பதுபோல இருந்தது.

ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 'யுவராஜ் வெட்ஸ் மதுமிதா' என்றிருந்த வாட்ஸப் குரூப் ஒரு காலையில் 'யுவராஜ் வெட்ஸ் சந்தியா' ஆனது. பெயரை மாற்றினார்களே தவிர இவளை நீக்கவில்லை. புது நிச்சயத்தின் படங்கள் வந்து விழுந்தன. சந்தியா கட்டியிருந்தது அதே அரக்குப் பட்டு, அதே பச்சைக் கரை. காஞ்சிபுரத்துப் பக்கம் வளர்ந்தவளுக்குக் கரையில் ஏமாற்ற முடியுமா? மதுமிதா வெளியேறவில்லை. புற்றுக்குள் பாம்பு கிடப்பதுபோல வாய் திறக்காமல் அதற்குள்ளேயே கிடந்தாள்.

இன்றைக்கு ரிசப்ஷன், நாளை விடியலில் முகூர்த்தம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத ஜைன வீடுகள். நாலரைக்கே பந்தி போட்டுவிடுவார்கள். ஆறு மணிக்குள் அத்தனை பேரும் கை கழுவிவிட்டுப் போனை எடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் குரூப்பில் போடத்தான் அவள் குறி வைத்திருந்தாள். மூன்று கடற்கரை, மூன்று படம், தானே எடுத்தது. கூலிங் கிளாஸ் வேண்டுமென்றேதான் போட்டிருந்தாள். எதிரே யார் நிற்கிறார்கள் என்று அதில் தெரியுமே. நல்லா பாருங்கடி, ஆளே இல்லை.

மாமல்லபுரத்தில் கார் பானெட்டின்மேல் செருப்பை நிறுத்திப் போனைச் சாத்தியபோது, ஜோடியாக வந்த பையன் ஒருவன் கிட்டே வந்தான். "சிஸ்டர், நான் எடுக்கட்டுமா?"

"வேணாம் தம்பி. நீ எடுத்தா என் கேஸே தோத்துடும்."

சதுரங்கப்பட்டினத்தில் அலை பழைய இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. படம் எடுத்து முடித்தபோது குரூப்பில் யுவராஜின் அம்மா குரல் வந்தது. "சந்தியா கண்ணு, உன் டிபில அந்த ஸ்கூட்டி போட்டோ வாணாம்மா. சொந்தக்காரங்க பாக்கறாங்க. கோயில் போட்டோ ஒண்ணு வெச்சுக்கோ." கொஞ்ச நேரத்தில் 'சரிங்க அத்தை' என்று பதில். வட்டத்துக்குள் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்த முகம் போய்க் கோபுரம் வந்தது. யாரோ கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினார்கள். மதுமிதாவுக்குக் காலடி மணல் சுட்டது.

மரக்காணம் தாண்டி ஒரு கடற்கரையில், தார் முடிகிற இடத்திலேயே காரை நிறுத்தினாள். வெயில் முதுகுப்பக்கம் இறங்கியிருந்தது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடியைச் சோதித்தாள். கார், செருப்பு, போன், பின்னால் வெறும் ரோடு. கீறல் இல்லை, பாஸ். அந்தப் பழக்கத்தில்தான் இன்னொரு கூலிங் கிளாஸ் ஞாபகத்துக்கு வந்தது.

புரட்டாசியில் யுவராஜ் புதுச்சேரியிலிருந்து அனுப்பிய படம். 'ஆபீஸ் டூர், ஒரே போர், தனியாத்தான் சுத்திக்கினு இருக்கேன்' என்று எழுதியிருந்தான். சம்பந்தம் முறிகிறவரை அது இவள் போனின் முகப்பில் இருந்தது. எடுத்தது யார் என்று கேட்க இவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இப்போது அவன் செய்த எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. படத்தைத் தேடி எடுத்து விரித்தாள். இடது கண்ணாடியில் எள்ளளவுக்கு ஒரு மஞ்சள் சுடிதார், போனைப் பிடித்த இரண்டு கை, கை நிறைய வளையல்.

கூட வேலை செய்கிறவளாக இருக்கலாம். வழியில் போனவளாகவும் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' தனக்கு ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லையே.

சந்தியா? அவள் என்ன கெடுதல் செய்தாள், கொடுத்த சேலையைக் கட்டினாள், அவ்வளவுதான். விரல் நின்றது. அப்போது அம்மா கூப்பிட்டாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சுதா? பொழுது சாயறதுக்குள்ள ஏதாவது சாப்ட்டுடு." அதோடு விடாமல், "அவங்க ஊட்ல எல்லாரும் பந்தியில உக்காந்திருப்பாங்க இப்ப" என்றாள். அழாமல் சொல்லப் பார்த்தாள். "இன்னா அங்க அவ்ளோ சத்தம்?"

"மிஷின்மா."

போனை வைத்ததும் தன் படங்களை விட்டுவிட்டு யுவராஜின் படத்தைக் குரூப்பில் போட்டாள். கீழே அவன் அம்மா கேட்ட அதே கேள்வி. எடுத்தது யாரு? கூடவே, இடது கண்ணாடியைப் பெரிதாக்கிய துண்டு.

மாப்பிள்ளையின் அக்கா புருஷன் உதயகுமார்தான் முதலில் வந்தான். 'யாருப்பா இது?' அடுத்து, 'இந்தப் பொண்ண இன்னும் தூக்கலயா?' அதற்கும் அடுத்து, உதயகுமார் உங்களை நீக்கிவிட்டார் என்று போன் சொன்னது. மதுமிதா சத்தமாகச் சிரித்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இருட்டத் தொடங்கியபோது புது எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. வட்டத்துக்குள் கோபுரம்.

'அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?'

பதிலுக்கு அவள் எழுதவில்லை. மூன்றாவது படத்தை அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின. வண்டியைத் திருப்பி, காஞ்சிபுரத்துக்கு வழி போடப் போனை எடுத்தாள். கையிலிருந்த திரையில் கோபுரம் மறைந்து வட்டம் ஒரு நொடி சாம்பல் நிறத்தில் வெறுமையாக நின்றது. பிறகு அதில் ஹெல்மெட் தெரிந்தது, அடியில் பல் தெரிந்தது, ஸ்கூட்டியின் கைப்பிடி தெரிந்தது.