நகக்குழி எந்தப் பக்கம்

இன்னும் முப்பது மணி நேரம் இருந்தது. கெடு எழுபத்திரண்டு மணி நேரம். நாற்பத்திரண்டை அவள் ஒன்றும் செய்யாமலே கழித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் உட்கார்ந்து, மெழுகில் பதித்த திசுவை நான்கு மைக்ரான் தடிமனில் சீவிக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக அதுதான் வேலை. வலது கை சக்கரத்தைச் சுற்றும். அலகிலிருந்து நாடா நாடாக வரும் மெழுகை இடது கை தூரிகையால் ஏந்தும். இடது கைக்காரர்களை நினைக்காமலே அவர்களுக்குத் தோதாக அமைந்துவிட்ட ஒரே இயந்திரம் அது என்று அவளுக்கு ஒரு எண்ணம். கத்தரிக்கோல், டின் திறப்பான், மடக்குக் கத்தி எல்லாம் சோற்றுக்கைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை.

இப்போது தொல்லை மடக்குக் கத்தியால்தான் வந்திருந்தது.

மடக்குக் கத்திகளின் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் இணையக் குழு ஒன்றில் அவள் நான்கு வருடமாக இருந்தாள். மூவாயிரம் பேர் உள்ள குழு. அவளிடம் இருந்தவை அறுபத்தொரு கத்திகள். பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை பாதி. கைவினைஞர்கள் ஒன்றே ஒன்றாகச் செய்தவை சில. ஜன்னலோரம் சாம்பல் நிறத் துணி விரித்து, மேகம் மூடிய நாளுக்குக் காத்திருந்து எடுப்பாள். முந்நூற்றுப் பதினெட்டுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நீளம், உலோகம், பிடி எதனால் ஆனது, ஏறக்குறைய எந்த வருடம், தெரிந்தால் செய்தவர் பெயர் என்று நான்கைந்து வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எந்தப் படத்திலும் கை தெரியாது. குழுவில் அவளை ‘ஊமையண்ணன்’ என்றார்கள்.

அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று விட்டிருந்தாள். அவள் சேர்ந்த வருடம் ஒரு கால்நடை மருத்துவர், பெண், தன் பெயரிலேயே சேர்ந்து குளம்பு சீவும் கத்தி ஒன்றைப் போட்டார். “வெங்காயம் நறுக்கவா மேடம்?” என்று ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் அவர் விலகிவிட்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த இவள், வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் முந்நூற்றுப் பதினெட்டாவது படத்தைப் போட்டாள். விரல் நீள அலகு, கருமரப் பிடி, அலகின் அடியில் முத்திரையாக மூன்று புள்ளிகள். ஒரு மணி நேரத்தில் ‘ஸ்கேல்’ வந்தார். யார் எந்தக் கத்தியைப் போட்டாலும் அரை மில்லிமீட்டர் குற்றம் கண்டுபிடிப்பவர். அதனால் அந்தப் பெயர்.

“மக்களே, நல்லாப் பாருங்க. கூர்முனை வலது பக்கம் இருக்கு. ஆனா நகக்குழி நம்மளப் பாக்குது. எங்கய்யா இருக்கு இப்படி ஒரு கத்தி? யாரோ எடுத்த படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்காரு. ஊமையண்ணே, எங்க காதுல பூ சுத்தாதீங்க.”

நகக்குழி என்பது அலகை இழுத்துத் திறக்க நகத்தை மாட்டும் சிறு பள்ளம். ஒரு பக்கம்தான் இருக்கும். வலது கைக்காரருக்கான கத்தியைக் கூர்முனை இடப்பக்கம் இருக்க வைத்தால் அந்தப் பள்ளம் நம்மைப் பார்க்கும். படம் திருடுகிறவர்கள், தேடினால் அகப்படாமலிருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது பள்ளம் இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். குழுவில் எல்லாருக்கும் இது தெரியும். கத்தியே அப்படிச் செய்யப்பட்டிருக்கலாம் என்று மட்டும் மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அப்பவே நெனச்சேன்.”

“வாயத் தொறக்காம இருந்தது இதுக்குத்தானா?”

“மிச்சம் முந்நூத்திப் பதினேழும் யாரு வீட்டுச் சொத்தோ!”

மூன்று மணிக்குக் குழுவை நடத்துகிறவர் தீர்ப்புச் சொன்னார். யார் எப்படித் திட்டினாலும் கறை படியாமல் பதில் சொல்வதால் அவருக்கு ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பெயர். குழுவின் விதி பழையது: சந்தேகம் வந்தால் நேரலையில் வந்து, தன் கையால் கத்தியைத் திறந்து, தன் குரலில் அன்றைய தேதியைச் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வராவிட்டால் படங்கள் எல்லாம் நீக்கப்படும். பெயர் திருடர் பட்டியலில் ஏறும்.

கையும் குரலும். நான்கு வருடமாக அவள் மறைத்து வைத்திருந்தவை அந்த இரண்டும்தான்.

பதினொரு மணிக்குக் கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தாள். ஸ்டெயின்லெஸ் தனியாக எழுதியிருந்தார்.

“அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அந்த ஒரு படத்த எடுத்துட்டு, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வரி போட்டுடுங்க. மத்த படத்தையெல்லாம் நான் காப்பாத்திக் குடுக்கறேன். பெருசு பண்ண வேணாம்.”

எளிய வழி. ஒரு வரி. முந்நூற்றுப் பதினேழு பிழைத்துக்கொள்ளும். அவள் அந்த வரியைத் தட்டச்சும் செய்தாள். ‘தெரியாமல்’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கத்தியில் தெரியாமல் நடந்தது எதுவுமில்லை. அழித்தாள். குழுவின் பொதுப் பக்கத்துக்குப் போய் எழுதினாள்: “எடுக்க மாட்டேன். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வரேன்.”

நான்கு வருடத்தில் ஊமையண்ணன் பேசிய முதல் பேச்சு. போன் துள்ளத் தொடங்கியது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மெழுகுக் கட்டியை எடுத்தாள்.

அவளும் அக்காவும் ஒன்றாக இருந்தார்கள். அக்கா தையல்காரி, முன்னறை முழுக்கத் துணி. ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

“என்னடி, கிளாசுக்குப் போகலையா?”

“இன்னிக்கு இல்லக்கா.”

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எதை முழுங்கின?”

சொன்னாள். அக்கா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

“இவ்வளவுதானா? போய்ப் பேசித் தொலைக்க வேண்டியதுதானே.”

“எனக்குப் பேச வராதுக்கா.”

“அதான் தெரியுமே. பார்சல்காரன் ‘ஹலோ’ன்னாலே போனை எங்கிட்ட நீட்டுற ஆளாச்சே நீ. ஆஸ்பத்திரில எப்படித்தான் குப்பை கொட்டுறியோ.”

“திசு ஒண்ணும் கேள்வி கேக்காது.”

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: “உண்மையச் சொல்லு. படம் நீ எடுத்ததுதானே?”

“நான் எடுத்ததுதான்.”

“கத்தி?”

“இங்கதான் இருக்கு.”

“யார்கிட்ட வாங்கின?”

அவள் மேசையில் கிடந்த நூல்துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அக்கா ஒரு கணம் பார்த்துவிட்டு நூலை அறுத்தாள். “சரி, நான் போனைப் புடிக்கறேன். நீ கத்தியப் புடி. நடுங்காதே, எவனும் போன் வழியா எட்டிக் கடிக்க முடியாது.”

பன்னிரண்டு மணிக்கு இருநூற்று ஆறு பேர் காத்திருந்தார்கள். தையல் மேசை மேல் சாம்பல் துணி. அக்கா போனைத் துணிக்கு மேலே பிடித்தாள். திரையில் வளையல் போட்ட அவளுடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

“வணக்கம்மா,” என்றார் ஸ்கேல். “அண்ணன் இல்லையா? அவர்கிட்டக் குடுங்க.”

அக்கா மேசைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தாள்.

“அண்ணன்னு யாரும் இல்ல,” என்றாள். குரல் அவள் பயந்ததைவிடக் கனமாகவே வந்தது. “நாலு வருசமா படம் போடுறது நான்தான்.”

“அதெப்படிம்மா—”

“இருங்க. நான் முடிச்சுக்கறேன்.” யாரையும் அவள் இதுவரை அப்படி நிறுத்தியதில்லை. இடது கையால் காகிதத்தில் தேதியை எழுதினாள், வாய்விட்டுப் படித்தாள், துணியின் மேல் வைத்தாள். எழுத்து நேராகத்தான் தெரிந்தது. கத்தியை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் மாட்டி இழுத்தாள். அலகு ‘டக்’ என்று நிமிர்ந்து நின்றது. கூர்முனை வலது பக்கம் பார்க்கும்படி எழுதிய காகிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“படம் திரும்பல. கத்தி இப்படித்தான். இடது கைக்குச் செஞ்சது. நீங்க அரை மில்லிமீட்டர்ல தப்பு பாப்பீங்க சார், இன்னொரு கை இருக்கறதப் பாக்கல.”

எங்கோ யாரோ சிரித்தார்கள். ஸ்கேல் செருமினார். “சரி… நான் அவசரப்பட்டுட்டேன். ஒத்துக்கறேன்.”

“அவசரம் மட்டும் இல்ல சார். திருடின்னு சொன்னீங்க.”

“அது அண்ணன்னு நெனச்சு—”

“அண்ணன்னா திருடன்னு சொல்லலாமா?” என்று அக்கா குறுக்கே பாய்ந்தாள். போன் ஆடியது.

ஸ்டெயின்லெஸ் நடுவில் வந்தார். “தப்பு எங்களோடது. படங்கள் அப்படியே இருக்கும், நானே குழுவுல எழுதிடறேன். ஆனா ஒண்ணு கேக்கலாமாம்மா? நீங்க எப்பவும் செஞ்சவர் பேரு தெரிஞ்சா போடுவீங்க. இதுல போடல. மடிப்பு, அந்தச் சத்தம்… தேர்ந்த கை. உங்க வீட்டுல யாராவது செய்றாங்களா? அப்பா? யாரோ உங்களுக்காகவே செஞ்சு குடுத்திருக்காங்க. அந்தப் பேரைச் சொல்லுங்க, இங்க பாதிப் பேரு ஆர்டர் குடுப்பாங்க.”

“ஆமாம்மா, யாரு அவரு?” என்றார் ஸ்கேல், பழைய குரல் திரும்பியிருந்தது. “முத்திரை எனக்குப் புதுசா இருக்கு. பேரு இல்லாத வேலைய நம்பி எப்படிக் குறிச்சு வைக்கறது?”

ஒருத்தர் கொடுத்தார் என்று சொல்லலாம். படங்கள் தப்பித்துவிட்டன, இனி யாரும் தோண்டப் போவதில்லை. அக்காவிடமும் அதைச் சொல்லியே சமாளித்துவிடலாம். அக்கா போனுக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு அவளுக்கும் பதில் வேண்டியிருந்தது.

அவள் போனை அக்கா கையிலிருந்து வாங்கி, தன் முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டாள்.

“யாரும் செஞ்சு குடுக்கல. ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை கிளாசுன்னு சொல்லிட்டு ஒரு லேத் பட்டறைக்குப் போய்க் கத்துக்கிட்டேன். பதினோரு அலகு உடைஞ்சது, இது பன்னெண்டாவது. எழுதிக்குங்க சார். செஞ்சது நான்.”