சில்வோவின் நூறாவது கையெழுத்து

மிலோய்கா ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாதையில் யாரும் ஓடுவதில்லை. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே அருவி வரை போய்விடலாம், அவ்வளவு சாதுவான பாதை. ஐம்பத்தாறு வயதில் அவள் மரப்பாலங்களைத் தடதடவென்று தாண்ட, எதிரே வந்தவர்கள் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

லுத்விக்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். மலையேற்றச் சங்கத்தின் செயலாளர் அவர். அருவிக்குப் பக்கத்தில், தகரப் பெட்டிக்குள் இருக்கும் வருகைப் புத்தகத்தைக் கீழே கொண்டுபோக இன்று வந்திருக்கிறார். பெயர்களை எண்ணுவார்கள். நூறு முறை வந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை மேடையேற்றி, எல்லோரும் கைதட்ட, சட்டையில் பதக்கம் குத்துவார்கள்.

மிலோய்காவுக்கு நூறு ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் பெயருக்குக் கீழேயே சில்வோ என்ற பெயரும் இருந்தது. ஆக, சில்வோவுக்கும் நூறு. ஆனால் சில்வோ மேடைக்கு வர முடியாது. அந்தப் பெயரை இன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

கடைசி வளைவு. அருவியின் சாரல் முகத்தில் அறைந்தது.

தோற்றுவிட்டாள். லுத்விக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம், கையில் பிளாஸ்க் மூடி நிறைய ரம் கலந்த டீ.

"வாம்மா மிலோய்கா! என்ன இப்படி ஓடி வர்றே, பின்னாடி கரடி ஏதும் வருதா?"

"அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க லுத்விக். ஒரு எடத்துல தப்பா எழுதிட்டேன்."

"ஒரு தப்பும் இல்ல. இங்கேயே எண்ணிட்டேன். ஜோடியா நூறு! நம்ம சங்கத்துலயே இதான் முதல் தடவை. எனக்கும்தான் ஒருத்தி வாய்ச்சிருக்கா, காரை விட்டே இறங்க மாட்டா." அவர் சிரித்தார். "ஆமா, உன் வீட்டுக்காரர் எங்க? முன்னாடி போயிட்டாரு, பின்னாடி வர்றாருன்னே மூணு வருஷமா சொல்றே. மனுஷன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல."

"அவர் பேரை அடிச்சிடுங்க."

"ஏன், சண்டையா?"

அவள் புத்தகத்துக்குக் கை நீட்டினாள். லுத்விக் சிரிப்பை நிறுத்தினார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"அடடா... தவறிட்டாரா?"

"இல்ல."

"அப்போ, விட்டுட்டுப் போயிட்டாரா? சொல்லும்மா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

மிலோய்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சில்வோவின் எழுத்து இடப்பக்கம். ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் போல.

"முதல் நாள் இங்க நின்னு என் பேரை எழுதினேன். பேனாவுக்காகப் பின்னாடி ஒரு குடும்பமே காத்துக்கிட்டிருந்துச்சு. அதுல ஒரு அம்மா எட்டிப் பார்த்து, 'தனியாவா வந்தீங்க?'ன்னாங்க. பாவம், அன்பாத்தான் கேட்டாங்க. நான் பேனாவை இடது கைக்கு மாத்திக்கிட்டேன்."

லுத்விக்கின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டுப் போறதுக்கு, முதல்ல ஒருத்தர் வந்திருக்கணுமே லுத்விக்."